ஓடைமேட்டில் தறிச்சத்தம் போன கதை

ஓடைமேட்டுத் தெருவில் தறிச்சத்தம் காணாமற்போன கதையை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றிலும் சொல்பவர் நல்லவராகவே இருக்கிறார். மேற்கு வரிசைக்காரர் சொல்லும்போது குற்றம் கிழக்கு வரிசைக்குப் போகும், கிழக்கு வரிசைக்காரர் சொல்லும்போது அது முதலாளி வீட்டுப் படியேறும், முதலாளி வீட்டார் சொல்லும்போதோ குற்றமே இராது, கெட்ட நேரம் மட்டும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போகும் இடங்களை மட்டும் எடுத்துக் கோத்தால் கதை மிகச் சிறியதாகிவிடும்: ஒரு தெரு, ஒரு தாய், ஒரு பெண்குழந்தை, அதன் இரண்டு கைகள், இரண்டு காதுகள். மற்றதெல்லாம் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த ஐயம்தான். ஆனால் ஐயத்தை நீக்கிவிட்டால் ஓடைமேட்டைப் பற்றிச் சொல்ல ஏதும் மிஞ்சாது என்பதால் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

காவிரிக்கு மேற்கே, சாயப்பட்டறைகளைத் தாண்டி, விசைத்தறிக் கூடங்கள் இரு வரிசையாக எதிரெதிரே நிற்கும் தெரு அது. பகல் ஷிப்டு முடிந்தால் இரவு ஷிப்டு. குறுக்கு நூலை இழுத்தோடும் நாடா இடப்பக்கம் அடித்து வலப்பக்கம் அடித்து, வலப்பக்கம் அடித்து இடப்பக்கம் அடித்து, அந்த அடியிலேயே குழந்தைகள் பிறந்தன, அந்த அடியிலேயே பெண்கள் சமைந்தார்கள், அந்த அடியிலேயே கிழவர்கள் கடைசி மூச்சை விட்டார்கள், விட்டது வீட்டாருக்குக் கேட்கவில்லை. அத்தனை சத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள் தமக்கென ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். மனத்தில் இருப்பதை ஓடும் தறியருகே நின்று வாய்விட்டே சொல்லிவிடுவது. கூலிக்காரன் முதலாளியின் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு, உதட்டை மட்டும் சற்றே மறைத்து, "உன்ற குடும்பம் வெளங்குமா?" என்பான், முதலாளியும் சிரித்துத் தலையாட்டுவார். மருமகள் மாமியாருக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பி, அவர் எப்போது சாவார் என்று விசாரிப்பாள். "தறிச்சத்தத்துல சொன்னது தரையில விழாது" என்பது அத்தெருவின் சொல். தறிக்கூடத்துக்குள் பேசிய பேச்சை வைத்து யாரும் பஞ்சாயத்துக்குப் போகக்கூடாது. போனாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெண்பார்க்க வந்தவர்களின் குறையைப் பேசவும், நில விற்பனையைப் பேசவும், பிறர் காதில் விழக்கூடாத எதைப் பேசவும் மக்கள் கூடத்துக்குள் போய் ஒருவர் காதில் ஒருவர் வாய்வைத்துக் கத்துவார்கள். மின்சாரம் போனால் அங்கே முதலில் மூடுவது வாயைத்தான்.

கிழக்கு வரிசையில், முதலாளி அர்த்தநாரியின் கூடத்தில் தறி ஓட்டியவன் தனபால். கூடத்துச் சுவரையே தன் சுவராகக் கொண்ட லைன் வீட்டில் அவன் மனைவி தமயந்தி தார் சுற்றுவாள், அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் நூலேற்றுவாள். அவர்கள் மகள் சிந்துஜா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவள், ஆனால் தார்க்குச்சி ஒன்று தரையில் உருண்டால் வீட்டின் எந்த மூலையிலிருந்தும் ஓடிவந்து அதைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை மூச்சடக்கிப் பார்த்திருப்பவள். வெள்ளைச் சோறு தவிர எதையும் தின்னமாட்டாள். அதில் ஒரு கடுகு கிடந்தாலும் தட்டு பறக்கும். சீப்பைக் கண்டால் அலறுவாள். தறிகள் முழு வேகத்தில் ஓடும் பிற்பகலில் தலையைச் சுவரில் மோதுவாள். மோதுகிற இடத்தில் தமயந்தி தன் உள்ளங்கையை வைத்துவைத்து அவளுடைய புறங்கை நிரந்தரமாகக் கன்றிப்போயிருந்தது. ஈரோட்டு டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொல்லி, இது நோயல்ல, பிள்ளையின் இயல்பு, பயிற்சி கொடுங்கள், பொறுமையாக இருங்கள் என்றார். தெரு அந்தப் பெயரை நம்பவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றது, கர்ப்பத்தில் செல்போன் பார்த்தாள் என்றது, தனபாலின் தாய்வழியில் ஒருவர் இப்படித்தான் இருந்தார் என்றது. தனபாலின் தாய்வழியினரோ தமயந்தியின் ஊரைக் கைகாட்டினார்கள். விசேஷ வீடுகளிலிருந்து பத்திரிகை வரும், "புள்ளைய எதுக்குச் சிரமப்படுத்தி..." என்ற வாக்கியத்தோடு வரும். தனபால் மகளை அடித்ததில்லை, தூக்கியதும் இல்லை. ஷிப்டு முடிந்தும் கூடத்திலேயே நிற்கப் பழகிக்கொண்டான்.

அந்த நாள் ஆடி மாதத்துப் பிற்பகல் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். தமயந்தி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தார்க்கூடையைக் கொடுக்கக் கூடத்து வாசலுக்கு வந்தாள். சிந்துஜா இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தினாள். தெரு முழுவதும் தறிச்சத்தம் போய்விட்டது. நாடாக்கள் ஓடின, பட்டைகள் சுற்றின, துணி அங்குலம் அங்குலமாக இறங்கியது, ஆனால் பஞ்சு பறப்பதுபோல எல்லாம் ஒலியின்றி நடந்தன. அவள் பொத்தியதால் சத்தம் போனது என்பது மேற்கு வரிசை. சத்தம் போனதால்தான் அவள் பயந்து பொத்தினாள் என்பது கிழக்கு வரிசை. அவள் கைகளை எடுத்த பிறகும் சத்தம் திரும்பவில்லை என்பதை இரண்டு வரிசையும் சொல்கின்றன.

முதலில் ஒவ்வொருவரும் தம் காதைத்தான் சந்தேகித்தார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றினார்கள். ஈரோட்டுக்குப் போய்க் காது காட்டிவந்தார்கள். நன்றாகக் கேட்கிறது என்று சொன்ன டாக்டரையும் சந்தேகித்தார்கள். பிறகு மின்வாரியத்தைச் சந்தேகித்தார்கள், மின்சாரத்தில் ஏதோ கலந்து அனுப்புகிறார்களென்று. பிறகு துணி கெடத் தொடங்கியது. ஓட்டுகிறவன் கண்ணால் எல்லாத் தறியையும் பார்ப்பதில்லை, ஓர் இழை அறுந்தால் அடியின் சத்தம் மாறும், காதுதான் அவனைத் திருப்பும். இப்போது இழைகள் ஓசையின்றி அறுந்தன, துணியில் கோடுகோடாக ஓட்டை விழுந்தது, திருப்பூர் வியாபாரி பீஸ்களைத் திருப்பியனுப்பினார். ஆட்கள் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்று அர்த்தநாரி நினைத்தார். கூலியைக் குறைக்க முதலாளி செய்த சூழ்ச்சி என்று ஆட்கள் நினைத்தார்கள்.

இவையெல்லாம் பொறுக்கக்கூடியவை. பொறுக்க முடியாதது வேறு. வாய்கள் பழைய வழக்கத்தை விடவில்லை.

"சட்டியத் தேய்க்கிற லட்சணத்தப் பாரு, இவளப் பெத்தவ என்னத்த வளத்தாளோ" என்று ருக்குமணியக்கா தன் வாசலில் நின்று மருமகளைப் பார்த்து வழக்கம்போல முணுமுணுத்தது, நான்கு வீடு தள்ளி நின்ற சம்பந்தியம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தி, என்ன சொன்னீங்க?"

"நானா? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. சாமி கும்பிட்டுட்டிருந்தனுங்க."

"எந்தச் சாமிக்குங்க அது? அந்தச் சாமிக்குப் பேரு என்னுங்க?"

இப்படி வாசலுக்கு வாசல். மேஸ்திரி நாச்சிமுத்து முதலாளியை வணங்கிக்கொண்டே எந்த மிருகத்தின் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார் என்று முதலாளிக்குத் தெரிந்தது. முதலாளி அந்த வணக்கத்துக்குப் பதிலாக என்ன சொல்லிவந்தார் என்று மேஸ்திரிக்கும் தெரிந்தது. ஜன்னல்களுக்குச் சாக்குப்படுதா வந்தது. கணவனும் மனைவியும் நாக்கை அடக்கி உதட்டால் பேசினார்கள். அதைப் பிள்ளைகள் படித்தார்கள், ஏனெனில் அந்தத் தெருவில் உதடு படிக்கத் தெரியாத பிள்ளை கிடையாது. எதிரே வருகிறவன் தன்னைப் பற்றி முன்பு என்ன சொல்லியிருப்பான் என்று ஒவ்வொருவரும் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்து, பழைய புன்னகைகளையெல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தெருவில் நிம்மதியாக இருந்தது ஒரே ஒருத்தி. சிந்துஜா சுவரில் மோதுவதை நிறுத்தினாள். இரவெல்லாம் தூங்கினாள். ஒருநாள் தாயின் மடியில் தானாக வந்து உட்கார்ந்து, தலை வாரவிட்டாள். வாரி முடிந்ததும் எழுந்து ஓடாமல், எதையோ கண்டெடுத்ததுபோலத் தன் குரலைக் கண்டெடுத்து, "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் நீளமாக முனக ஆரம்பித்தாள். தமயந்தி அழவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். பிள்ளை நன்றாயிருக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்க்குழாயில் யாரேனும் கேட்டால் முகத்தைச் சுளித்து, "அதே தொல்லைதானுங்க்கா" என்றாள். கன்றிய புறங்கையைப் பார்க்கும்படி நீட்டிக்கொண்டாள். மகளின் சுகத்தை அவள் திருட்டுநகையைப் போல மறைத்துவைத்தாள்.

ருக்குமணியக்காவுக்குச் சந்தேகம் வர அதுவே போதுமாயிருந்தது.

"கை ஆறுது, தமயந்தி. புதுக்காயமே காணமே?"

"ஆறுமுங்க்கா. தோலுதானே."

"உன்ற புள்ள தலை வாரியிருக்குது. யாரு வாரினா?"

"தூங்கறப்ப வாரினனுங்க."

"ஆமாமா. தூங்கறப்ப." ருக்குமணியக்கா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஊரே தூக்கங்கெட்டுக் கெடக்குது. உன்ற ஊட்டுல மட்டும் நல்லாத் தூங்கறீங்க."

அன்று மாலைக்குள் தெரு முடிவுக்கு வந்திருந்தது: சத்தம் எங்கும் போகவில்லை, பிள்ளையின் காதுக்குள் இருக்கிறது. பிள்ளை அதைத் தின்று கொழுக்கிறது. தாய்க்குத் தெரியும். தெரிந்தே வைத்திருக்கிறாள்.

இதை வைத்து என்ன செய்வதென்று பேச அர்த்தநாரியும் நாச்சிமுத்துவும் தெருப் பெரியவர்களில் சிலரும் தனபாலை அழைத்துக்கொண்டு, பிறர் காதில் விழக்கூடாத பேச்சு என்பதால், தறிக்கூடத்துக்குள் போனார்கள். எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தலைமுறையாக வந்த பழக்கத்தில் நெருங்கி நின்று, ஒருவர் காதில் ஒருவர் வாய்வைத்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்கள். சுவருக்கு இந்தப்புறம் தார் சுற்றிக்கொண்டிருந்த தமயந்திக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. மூன்று விதக் கதையிலும் ஒரு சொல்லும் மாறாத இடம் இது ஒன்றுதான். இதை மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய்வரவில்லை.

"சேலத்துக்கு அக்கட்ட ஒரு காப்பகம் இருக்குது," என்றார் அர்த்தநாரி. "இந்த மாதிரிப் புள்ளைகள வெச்சுப் பாத்துக்கறாங்க. நம்ம வேன்லயே கொண்டுபோயி உட்டுரலாம்."

"அவ உடுவாளுங்களா?" இது நாச்சிமுத்து.

"அவளக் கேட்டாத்தானே? நாளைக்குச் சந்தைக்குப் போவா. வேன வாசல்ல கொண்டாந்து நிறுத்து. என்ன தனபாலு, என்ன சொல்றே? உன்னக் கேக்காம ஒண்ணுஞ் செய்யமாட்டோம்."

தமயந்தியின் கையில் தார் சுற்றுவது நின்றிருந்தது.

"சாப்பாடெல்லாம் ஒழுங்காக் குடுப்பாங்களாங்க?" என்று தனபால் கத்தினான். "அது வெள்ளச்சோறு மட்டுந்தானுங்க திங்கும்."

இதைக் கேட்டபோது தமயந்தி தன் கணவன் சம்மதித்துவிட்டான் என்று புரிந்துகொண்டாள். அவனுக்கு மகள் என்ன தின்பாள் என்பது தெரியும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டாள். இரண்டில் எது அவளை அதிகம் சுட்டது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் அவள் சந்தைக்குப் போகவில்லை. வேன் வந்து கூடத்து வாசலில் நின்றபோது, சிந்துஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தூக்குவாளியில் வெள்ளைச் சோறும் எடுத்துக்கொண்டு தானே அதனருகில் போய் நின்றாள். தெரு வேடிக்கை பார்க்க இறங்கிவந்தது.

"மொதலாளி, வண்டி வந்துருச்சுங்க. வெளிய வாங்க."

அர்த்தநாரி கூடத்து நிலைப்படிக்கு உட்புறம் நின்றார். "என்ன அம்மணி, எங்க கெளம்பிட்டே?"

"நேத்துப் பேசுனீங்களே. அந்த எடத்துக்குத்தானுங்க."

"தறிக்குள்ள பேசுனதையெல்லாம் தூக்கிட்டு வந்தா எப்படி அம்மணி? தெரு வழக்கந் தெரியாதா உனக்கு?"

"தெரியுமுங்க. தறிச்சத்தத்துல சொன்னது தரையில விழாது." அவள் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல நின்றாள். "சத்தம் எங்கீங்க?"

கூடத்துக்குள் நாடாக்கள் பேயோட்டமாக ஓடிக்கொண்டிருந்தன. வேன் டிரைவர் கொட்டாவி விட்டது கேட்டது.

"நான் தடுக்கலீங்க. சொன்னவங்க ஆராச்சும் ஒருத்தர் படிதாண்டி வெளிய வாங்க. வெளிய நின்னு, என்ற புள்ளையப் பாத்து, நேத்துச் சொன்னதையே சொல்லுங்க. நானே வண்டியில ஏத்தறேன்."

முதலில் நாச்சிமுத்து, "நான் சொல்லல," என்றார். "நானும் சொல்லல, கூட நின்னேன், அவ்வளவுதான்," என்றார் இன்னொரு பெரியவர். "அப்ப நான் மட்டுஞ் சொன்னனா?" என்று அர்த்தநாரி திரும்பினார். "உங்க வேனுதானேங்க!" "யோசனை யாருது? ருக்குமணி சொல்லித்தானே!" "என்ற பேர ஏனுங்க இழுக்கறீங்க, நானா கூடத்துக்குள்ள இருந்தேன்?" ஒருவர்மேல் ஒருவர் குரலை ஏற்றி, ஏற்றிய குரலின்மேல் இன்னொருவர் ஏற்றி, சொல்லவில்லை சொல்லவில்லை என்று முழுத் தெருவும் கத்திய அந்தக் கத்தலுக்கு அடியில், எப்போது என்று யாருக்கும் தெரியாமல், தறிச்சத்தம் திரும்பிவந்துவிட்டிருந்தது. வாய்கள் அசைவதும் சொற்கள் கேட்காததும் தெரிந்தபோதுதான் அதை உணர்ந்தார்கள். முகங்கள் தெளிந்தன. ருக்குமணியக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

தனபால் மட்டும் நிலைப்படிமேல் நின்றிருந்தான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவன் உதடுகள் ஏதோ சொல்லின. "போகவேண்டாம்" என்றான் என்பது மேற்கு வரிசை, "சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டான் என்பது கிழக்கு வரிசை, மகளின் பெயரை மட்டும் சொன்னான் என்பது முதலாளி வீடு. எல்லோரும் உதடு படிக்கத் தெரிந்தவர்கள். தமயந்திக்கும் தெரியும். ஆனால் அவள் அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

அவள் மகளைப் பார்த்திருந்தாள். சிந்துஜா இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தியிருந்தாள். தமயந்தி காத்திருந்தாள். சத்தம் போகவில்லை. பிள்ளை இன்னும் இறுக்கிப் பொத்தினாள், விரல்நுனிகள் வெளுத்தன, உடம்பு வில்லாக வளைந்தது, தலை மோதுவதற்குச் சுவர் தேடியது, சத்தம் போகவில்லை. ஒருமுறை நடந்தது மறுமுறை நடக்காது என்று தமயந்திக்கு விளங்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

அவள் நிலைப்படியில் நின்ற கணவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள். சுவரிலிருந்த மெயின் ஸ்விட்சின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

அர்த்தநாரி கூடத்தின் தறிகள் நின்றன. மற்றக் கூடங்களின் இரைச்சல் தொலைவிலிருந்து வருவதுபோல வந்தது.

"ஏய் அம்மணி! யாரக் கேட்டுக் கை வெக்கறே? பீஸ் பாதியில நிக்குது!"

"நிக்கட்டுமுங்க," என்றாள் தமயந்தி. "புள்ள சோறு திங்கற மட்டும்."

நின்ற தறிகளுக்கு நடுவில், பஞ்சு படிந்த தரையில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து ஊட்டினாள். கைப்பிடியை மேலே தள்ள மேஸ்திரியின் கை போனது என்றும், தனபால் அதன் முன் நின்றுகொண்டான் என்றும் சிலர் சொல்கிறார்கள். தனபாலுக்கு வேண்டியவர்கள் மட்டுமே இதைச் சொல்வதால் இதை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியவில்லை. வேன் வெறுமையாகத் திரும்பியது மட்டும் உறுதி.

மறுநாள் பிற்பகல், சோற்றோடு சண்டைக்கும் ஆயத்தமாக அவள் கூடத்துக்குப் போனபோது கைப்பிடி ஏற்கனவே இறங்கியிருந்தது. இறக்கியது யார் என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுவதில் குனிந்திருந்தார்கள். சில நாளில் எதிர்க்கூடமும் அந்த நேரத்தில் நின்றது, பிறகு அதற்கு அடுத்தது, ஆவணி முடிவதற்குள் தெரு முழுவதும். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வெளியூர் வியாபாரி வந்து ஏன் தறி நிற்கிறது என்றால், "மோட்டார் சூடாறட்டும்னுங்க" என்பார்கள். அந்த நேரம் முழுக்க ஓடைமேட்டில் ஒருவரும் வாய்திறப்பதில்லை, திறந்தால் கேட்கும். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி, யார் முதலில் நிறுத்தியது, என்ன நோக்கத்தில், யார் பேச்சை யார் ஒட்டுக்கேட்பதற்காக என்று எண்ணியபடி உட்கார்ந்திருப்பார்கள். அந்த அமைதியில் ஒரு பிள்ளை ஒரே சுருதியில் முனகுவது மட்டும் தெருக்கோடிவரை கேட்கும்.

தமயந்தி அந்த அமைதியை நம்பவில்லை. கொடுத்தவர் பெயரே தெரியாத ஒன்றைத் திருப்பிப் பிடுங்குகிறவர் பெயரும் தெரியாதல்லவா? அவள் தன் வீட்டுக்குள் கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் மகளுக்கு ஊட்டுவாள். அப்படி ஒருநாள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது கதவடியில் வெளியிலிருந்து ஒரு கால்நிழல் வந்து விழுந்து நின்றது. கதவிடுக்கில் ஒரு குரல் கேட்டது, மிகத் தாழ்ந்த குரல், காற்றும் கிசுகிசுப்பும் மட்டுமாக இருந்ததால் கணவனுடையதா, முதலாளியுடையதா, ஆணா பெண்ணா என்றும் பிரிக்க முடியாத குரல்.

"உண்டு முடிச்சுதா? தறிய ஓட்டலாமா?"

தமயந்தி காலை நீட்டி எதிர்ச்சுவரில் உதைத்து ஊன்றி, முதுகால் கதவை இறுக்கிக்கொண்டாள். பிறகுதான் பதில் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு வாய் இருக்குது."

நிழல் அங்கேயே நின்று காத்திருந்தது.